மூளையுறையும் அழற்சியும்: ஒற்றைத் தலைவலி ஆய்வில் நோயெதிர்ப்புக் கருத்தின் வரலாறு

ஒற்றைத் தலைவலி என்று தமிழில் வழங்கும் மைக்ரேன் நோய்க்கும் உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ ஆய்வில் எழுவதும் அடங்குவதும் மீண்டும் எழுவதுமாக இருந்து வருகிறது. கிருமி, அயற்பொருள், காயம் ஆகியவற்றை இனங்கண்டு எதிர்வினை புரியும் உயிரணுக்களும் அவை சுரக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்ததே நோயெதிர்ப்பு மண்டலம்; அதன் எதிர்வினை ஓரிடத்தில் சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி என வெளிப்படுவதையே அழற்சி என்பர். ஒற்றைத் தலைவலியில் கிருமி இல்லை, காயமும் இல்லை. நோயாளி இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தாலும் அழிவின் தடயம் கிடைப்பதில்லை. ஆதலால் அழற்சிக்கு இங்கே இடமில்லை என்று நரம்பியலார் நெடுங்காலம் கருதினர். அக்கருத்து மாறிய கதை பாரிசிலும் நியூயார்க்கிலும் ஃபிளாரன்சிலும் ஹங்கேரியின் செகெட் நகரிலும் பாஸ்டனிலும் துண்டு துண்டாக நிகழ்ந்ததால், அதை ஒரே தொடராக வைத்துப் பார்ப்பது அரிதாகவே நடந்துள்ளது.

பழைய மருத்துவத்தில் இக்கேள்வி எழவே இல்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் அரீட்டேயஸ் தலையின் ஒரு பாதியைப் பற்றும் வலியைத் தெளிவாக விவரித்தார். கேலன் அதை உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து தலைக்கு ஏறும் ஆவிகளோடும் பித்தத்தோடும் இணைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் மூளையுறைகளின் இரத்தநாளங்கள் புடைப்பதைக் காரணமாகக் காட்டினார். 19-ஆம் நூற்றாண்டில் இது இரு கட்சிகளின் வழக்காக மாறியது. பெர்லினின் எமில் டூ புவா-ரேமோன் தம்மைப் பீடித்த தலைவலியையே கூர்ந்து நோக்கி, நாளங்கள் இறுகுவதால் வலி வருகிறது என்று 1860-இல் எழுத, ஏழு ஆண்டுகள் கழித்து மோலன்டார்ஃப் அவை தளர்வதால்தான் வலி வருகிறது என்று மறுத்தார். 1873-இல் எட்வர்ட் லிவீங் தம் பெருநூலில், நாளங்களின் மாற்றம் வெறும் விளைவே, நரம்பு மண்டலத்தில் அவ்வப்போது மூளும் புயலே நோயின் வேர் என்றார். நாளமா நரம்பா என்ற இந்த வழக்கு அடுத்த நூறாண்டு ஆய்வையும் தன் பிடியில் வைத்திருந்தது. மூன்றாவதாக ஒரு தரப்பு இருக்கலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்காததற்கு அதுவே பெரிய காரணம்.

மூன்றாம் தரப்பான நோயெதிர்ப்பு முதன்முதலில் ஒவ்வாமையின் வழியாக நுழைந்தது. ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் கடலுயிர்களின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆய்ந்தபோது, முதல் முறை பிழைத்த நாய் சில வாரங்கள் கழித்து மிகச் சிறு அளவு நஞ்சுக்கே சில நிமிடங்களில் வீழ்வதைக் கண்டனர். காக்க வேண்டிய எதிர்வினையே கேடாகத் திரும்பும் இந்நிலைக்கு 1902-இல் அனாஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டனர். ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். இதற்கிடையே 1906-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் க்ளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, உடலின் இத்தகைய மாறிய எதிர்வினைகள் அனைத்துக்கும் பொதுவாக அலர்ஜி என்ற பெயரை வழங்கினார். ஆஸ்துமா, தோல் தடிப்பு, மூக்கொழுக்கு எனப் பல நோய்கள் இந்தப் புதிய விளக்கத்தின் கீழ் வந்தபோது, ஒற்றைத் தலைவலியும் அதற்குள் வருமோ என்று மருத்துவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. அதுவும் திடீரென வந்து தானே அடங்கும் நோய், குடும்பவழியாக வருவது, குறிப்பிட்ட உணவை உண்டபின் வருவதாகப் பல நோயாளிகள் தாமே சொல்வது.

பாரிசில் பாக்னியேயும், லூயி பாஸ்டரின் மகள்வழிப் பேரனான பாஸ்டர் வலேரி-ராடோவும், உணவுக்கு முன் சிறிதளவு பெப்டோனைக் கொடுத்து உடலை மெல்லப் பழக்கினால் தலைவலி வராமல் தடுக்கலாம் என்ற சிகிச்சையை முதல் உலகப் போர் முடிந்த கையோடு பரிந்துரைத்தனர். பெப்டோன் என்பது பாதி செரித்த நிலையிலுள்ள புரதக் கலவை. அமெரிக்காவில் வாரன் வாகன் 1927-இல் ஒவ்வாமைவழி ஒற்றைத் தலைவலி பற்றி விரிவாக எழுதினார். ரே பேலியட் அதே நோக்கில் 1930-களில் ஒரு நூலே வெளியிட்டார். கலிபோர்னியாவின் ஆல்பர்ட் ரோவ், ஐயத்துக்குரிய உணவுகளையெல்லாம் விலக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் விலக்குணவு முறையை வகுத்தார். கோதுமை, பால், முட்டை, சாக்லேட் ஆகியவை குற்றம் சாட்டப்பட்டோரின் பட்டியலில் அன்றே இடம்பிடித்துவிட்டன.

இந்த முதல் அலை ஏன் ஓய்ந்தது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. தோலில் கீறிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை ஒன்றைச் சொல்ல, நோயாளியின் உணவு அனுபவம் வேறொன்றைச் சொன்னது. எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி மறைத்து நடத்தும் ஆய்வுமுறை அன்று வழக்கத்துக்கு வரவில்லை. இந்த உணவை விலக்கினால் நலம் வரும் என்ற நம்பிக்கையே பலருக்குச் சில மாதங்கள் நலம் தந்திருக்கக்கூடும். அந்தக் குறையைப் போக்க முயன்ற குறிப்பிடத்தக்க ஆய்வு 1983-இல்தான் வந்தது. இலண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் ஜோசப் எக்கரும் உடனிருந்தோரும், கடுமையான தலைவலியால் அடிக்கடி துன்புற்ற 88 குழந்தைகளுக்கு மிகச் சில உணவுப்பொருள்கள் மட்டுமே கொண்ட எளிய உணவைக் கொடுத்தபோது 93 விழுக்காட்டினர் குணமடைந்தனர். அவர்களில் 40 பேரிடம் மறைப்பு முறையில் உணவைத் திரும்பக் கொடுத்தும் சோதித்தனர். வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் குழந்தைகளைத் தாக்கிய உணவுகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன, அவற்றின் விளைவு நோயெதிர்ப்பு மண்டலத்தின் வழியாகத்தான் நிகழ்ந்தது என்பதும் நிறுவப்படவில்லை. இன்று உணவுப்பொருள்களுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளந்து தலைவலிக்குக் காரணம் சொல்லும் வணிகச் சோதனைகளை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் ஏற்பதில்லை. அவ்வகை எதிர்ப்பொருள் அந்த உணவை உண்டு பழகியதன் அடையாளமே தவிர நோயின் அடையாளம் ஆகாது. நோயாளிகளின் கைப்பொருளைக் காக்கும் பொருட்டேனும் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

ஒவ்வாமைக் கருத்து பின்வாங்கிய அதே காலத்தில், வலி எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தது. நியூயார்க் மருத்துவமனையில் பணியாற்றிய ஹெரால்டு உல்ஃப், தாமே ஒற்றைத் தலைவலிக்காரர். அவரும் ஜான் கிரகாமும் 1938-இல், எர்காட்டமின் என்ற மருந்தைச் செலுத்தினால் நெற்றிப்பொட்டின் தமனித் துடிப்பு தணிவதையும் அதனோடு வலியும் குறைவதையும் அளந்து காட்டினர். கம்புப் பயிரைத் தாக்கும் பூஞ்சையிலிருந்து 1918-இல் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் பிரித்தெடுத்த மருந்து அது. 1940-இல் உல்ஃபும் அறுவை மருத்துவர் பிரான்சன் ரேயும், விழித்திருந்த நோயாளிகளுக்குத் தலையில் அறுவை நடக்கும்போது ஒவ்வொரு பகுதியாகத் தொட்டும் இழுத்தும் பார்த்து, மூளைத் திசுவுக்கு வலி தெரிவதே இல்லை என்பதையும், மூளையைப் போர்த்தியிருக்கும் வன்மூளையுறையின் தமனிகளும் பெருஞ்சிரைகளும் கடும் வலியைத் தருகின்றன என்பதையும் வெளியிட்டனர். தலைவலி ஆய்வில் இதற்கு இணையான அடிக்கல் வேறில்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் எளிதில் நுழைய முடியாத மூளைக்குள் அன்றி, அவை எப்போதும் குடியிருக்கும் உறையிலேயே வலியின் பிறப்பிடம் இருக்கிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது; அதன் முழுப்பொருள் விளங்கத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று.

உல்ஃப் நாளக் கொள்கையின் தந்தையாகவே பாடநூல்களில் நினைக்கப்படுகிறார். அவருடைய கடைசி ஆண்டுகளின் பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. தமனி விரிவது மட்டுமே வலிக்குக் காரணம் என்றால், ஓடும்போதும் வெயிலில் நிற்கும்போதும் தமனி விரிந்தும் வலி வராதது ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. தலைவலி வந்தவர்களின் நெற்றித் தோலுக்கடியிலிருந்து நீரை வடித்தெடுத்து அவரும் உடனாய்வாளர்களும் சோதித்தபோது, நாளங்களை விரித்து, அவற்றைக் கசியச் செய்து, வலியுணர்வின் வாசலைத் தாழ்த்தும் பொருளொன்று அதில் இருப்பதை அறிந்து 1960-இல் வெளியிட்டனர். கிருமி இல்லாத அழற்சி ஒன்று நாளத்தைச் சுற்றி நிகழ்கிறது என்பதே அதன் உட்கருத்து. உல்ஃப் 1962-இல் மறைந்தார். அந்தப் பொருளை இனங்காணும் பணி அவரோடு நின்றது.

அடுத்த ஆண்டே அழற்சிக் கருத்து ஃபிளாரன்சில் வேறு வடிவில் வெளிப்பட்டது. பால் ஏர்லிக் மாணவராக இருந்த 1870-களில், சாயமேற்றிய திசுக்களில் அடர்நிறத் துகள்கள் நிறைந்த ஒரு வகை உயிரணுவைக் கண்டு அதற்கு மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நாளங்களை விரிக்கும் இயல்பை ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் 1910-இல் விளக்கினர். உடலின் ஹிஸ்டமின் பெரும்பாலும் மாஸ்ட் செல்லின் துகள்களுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது என்பதை ஜேம்ஸ் ரைலியும் ஜெஃப்ரி வெஸ்டும் 1953-இல் கண்டறிந்தனர். இம்மூன்றையும் கையில் கொண்டே ஃபெடெரிகோ சிகுடெரி 1963-இல், நாளங்களை ஒட்டி வரிசையாக அமைந்துள்ள மாஸ்ட் செல்கள் தம் துகள்களை உதிர்ப்பதே ஒற்றைத் தலைவலியில் நடப்பது என்ற கருத்தை முன்வைத்தார். அவர் சொன்னதில் உயிரணு சரி, இடமும் ஏறத்தாழச் சரி; அவற்றை உதிரச் செய்வது எது என்ற கேள்விக்கு மட்டும் அன்று விடை இல்லை.

அந்த விடை தலைவலியோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. செகெட் நகரில் மிக்லோஷ் யான்சோ, மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை எலிகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்து வலி நரம்புகளை மரத்துப்போகச் செய்தார். அதன்பின் கடுகெண்ணெய் போன்ற எரிச்சலூட்டும் பொருளைத் தோலில் தடவினால் வலி தோன்றாததோடு, சிவப்பும் வீக்கமும்கூடத் தோன்றவில்லை. உணர்வு நரம்பை வெட்டி அது பட்டுப்போகும் வரை காத்திருந்தாலும் அதே முடிவுதான். அழற்சி வந்தால் நரம்பு அதைத் தெரிவிக்கும் என்பதே அதுவரையிலான பாடம்; நரம்பே அழற்சியை உண்டாக்கவும் வல்லது என்பதை யான்சோவின் எலிகள் காட்டின. நரம்புவழி அழற்சி எனப்படும் இக்கண்டுபிடிப்பின் முக்கியக் கட்டுரை அவர் மறைந்த மறு ஆண்டு, 1967-இல் வெளிவந்தது.

பாஸ்டனின் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் இந்த இழையைத் தலைக்குள் கொண்டுவந்தார். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தருவது ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்பு. அதன் நுனிகள் மூளையுறையின் நாளங்களைச் சூழ்ந்து, பி-பொருள் என்ற பெப்டைடை அவற்றின்மீது சுரக்கக்கூடும், தலைவலியின் தோற்றம் அங்கேதான் என்று அவர் 1979-இல் எழுதினார். பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த சிறு புரதத் துண்டு. அந்நரம்பின் இழைகள் உண்மையிலேயே மூளையின் நாளங்களை அடைவதை அவருடைய குழு 1981-இல் பூனைகளில் தடம் பிடித்தது. 1987-இல், எலிகளின் அந்நரம்பைத் தூண்டினால் வன்மூளையுறையின் நாளங்களிலிருந்து இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மா கசிவதைக் காட்டியது. தொடர்ந்து, அத்தூண்டலால் மூளையுறையின் மாஸ்ட் செல்கள் துகள் உதிர்ப்பதையும் நுண்ணோக்கியில் கண்டது. எர்காட்டமினும், அன்று புதிதாக வந்துகொண்டிருந்த சுமாட்ரிப்டான் என்ற தலைவலி மருந்தும் இக்கசிவை நிறுத்தின. நாளமா நரம்பா என்ற பழைய வழக்கில் இரு தரப்பும் நோயெதிர்ப்பு உயிரணுவும் ஒரே மன்றத்தில் வந்து நின்றது அப்போதுதான்.

அதன்பின் வந்த ஏமாற்றம் பெரிது. எலிகளில் கசிவை நிறுத்திய மருந்துகள் பலவற்றை 1990-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பி-பொருளின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள், போசென்டான் என்ற மருந்து, சுமாட்ரிப்டானின் உறவுப் பொருளான சி.பி.-122,288 என ஒவ்வொன்றும் தலைவலியை நிறுத்தத் தவறின. நரம்புவழி அழற்சி மனிதரின் ஒற்றைத் தலைவலிக்குப் பொருந்தாது என்ற தீர்ப்பு மருத்துவ உலகில் வேகமாகப் பரவியது. அத்தீர்ப்பு அளவுக்கு மீறியது என்றே கருத வேண்டும். அந்த ஆய்வுகள் காட்டியது பிளாஸ்மாக் கசிவு வலிக்கு அளவுகோல் ஆகாது என்பதையே. கசிவு அழற்சியின் ஓர் அங்கம் மட்டுமே; நரம்பு நுனிகளைக் கூர்மையாக்கும் வேதிப்பொருள்கள் அதன் வேறோர் அங்கம், அவற்றை அந்த மருந்துகள் தொடவே இல்லை.

இதே காலத்தில் லார்ஸ் எட்வின்சனும் பீட்டர் கோட்ஸ்பியும், தலைவலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்துச் சிரை இரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடு கூடியிருப்பதையும், பி-பொருள் கூடாதிருப்பதையும் 1990-இல் கண்டறிந்தனர். பின்னர் கோபன்ஹேகனில் யெஸ் ஒலேசனின் குழு, ஹிஸ்டமினை இரத்தத்தில் செலுத்தினால் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு உண்மையான தாக்குதலே வருவதையும், சி.ஜி.ஆர்.பி.யும் அவ்வாறே செய்வதையும் காட்டியது. மருந்து நிறுவனங்களின் கவனம் முழுவதும் சி.ஜி.ஆர்.பி.யின் பக்கம் திரும்ப, ஹிஸ்டமின் பின்னணிக்குப் போயிற்று.

அழற்சியின் தரப்பை விடாமல் காத்தவர்கள் பாஸ்டனின் வேறு சிலர். ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ்மன், ரமி பர்ஸ்டீன் ஆகியோரின் குழு, ஹிஸ்டமின், செரோடோனின், பிராடிகினின், புராஸ்டாகிளாண்டின் ஆகிய அழற்சிப் பொருள்களைக் கலந்து எலியின் வன்மூளையுறையில் இட்டபோது, முன்பு மெல்லிய அழுத்தத்துக்கு அசையாத நரம்பிழைகள் அதே அழுத்தத்துக்குக் கொந்தளிப்பதை 1996-இல் பதிவு செய்தது. குனிந்தாலும் இருமினாலும் தலை வெடிப்பதாக நோயாளிகள் சொல்வதற்கு முதல் உடலியங்கியல் சான்று அது. 2007-இல் டான் லெவியும் உடனிருந்தோரும், மூளையுறையின் மாஸ்ட் செல்களைத் துகள் உதிர்க்கச் செய்தால் மட்டுமே போதும், அதே வலி நரம்புகள் நெடுநேரம் விழித்துக்கொள்கின்றன என்று காட்டினர். சிகுடெரியின் கருத்துக்கு 44 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நேரடிச் சான்று.

இனி எஞ்சிய கேள்வி தொடக்கம் பற்றியது. நோயாளிகளில் சிலர் வலிக்கு முன் கண்ணெதிரே நெளியும் ஒளிக்கோடுகளைக் காண்பர். இதை ஆரா என்பர். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டைட்ஸ் லியோ 1944-இல் முயலின் மூளைப் புறணியில் கண்ட, நரம்பணுக்களின் செயல் ஓய்வு அலையாக மெல்லப் பரவும் நிகழ்வே ஆராவுக்கு அடிப்படை என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது. அங்காராவில் துர்காய் தல்காராவின் குழு 2013-இல் எலிகளில் கண்டதன்படி, அந்த அலையால் இறுக்கத்துக்கு உள்ளாகும் நரம்பணுக்கள் தம் சுவரிலுள்ள பானெக்சின் வாயில்களைத் திறக்கின்றன; உள்ளே அழற்சியைத் தூண்டும் புரதத் தொகுதி ஒன்று கூடுகிறது; வெளியேறும் அபாயச் செய்திகளை அருகிலுள்ள துணையணுக்கள் ஏற்று அழற்சிப் பொருள்களை உறைக்கு அனுப்ப, முக்கிளை நரம்பு விழிக்கிறது. கிருமியோ காயமோ இல்லாத இடத்தில் அழற்சி எப்படி என்ற பழைய தடைக்கு இதுவே விடை: நரம்பணுவின் இறுக்கமே காயத்தின் செய்தியை அனுப்பிவிடுகிறது.

மனிதரில் சான்று இன்னும் ஒருசீராக இல்லை. ஆரா உடையவர்களின் மூளையிலும், பார்வைப் புறணிக்கு மேலுள்ள உறைப்பகுதியிலும் அழற்சிக்கான குறிகளை நுஷின் ஹஜிகானியின் குழு பெட் படமெடுப்பு வழியாக 2019, 2020-ஆம் ஆண்டுகளில் கண்டது. ஆரா இல்லாதவர்களிடம், விழுங்கணுக்கள் ஏற்கும் இரும்புத் துகள்களைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்த டேனிஷ் ஆய்வில் அத்தகைய குறி எதுவும் தென்படவில்லை. ஆரா உள்ளதும் இல்லாததும் ஒரே நோயின் இரு வகைகளா என்ற ஐயத்தை இது கூர்மையாக்குகிறது. மருத்துவமனை அனுபவமும் ஒரு பக்கம் முழுதாகச் சாயவில்லை: அழற்சியை அடக்கும் டெக்சாமெதசோனை அவசரப் பிரிவில் வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், தணிந்த வலி அடுத்த சில நாள்களில் திரும்பி வருவது குறைகிறது, ஆனால் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள் ஒற்றைத் தலைவலியின் தடுப்பு மருந்தாக நிலைபெறவில்லை.

மூளை நோயெதிர்ப்பு மண்டலத்திடமிருந்து விலக்குப் பெற்ற உறுப்பு என்ற பாடமும் இதற்குள் தளர்ந்துவிட்டது. மூளையில் ஒட்டிய தோலை உடல் எளிதில் நிராகரிப்பதில்லை என்ற பீட்டர் மெடவாரின் 1948-ஆம் ஆண்டு ஆய்வு அப்பாடத்துக்குத் துணைநின்றது. 2015-இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரு குழுக்கள் தனித்தனியே, எலிகளின் வன்மூளையுறையில் நிணநீர் நாளங்கள் ஓடுவதையும் அவை கழுத்துக் கணுக்களில் வடிவதையும் காட்டின. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் குடியிருந்து கண்காணிக்கும் இடமாக உறை இன்று அறியப்படுகிறது. உல்ஃபும் ரேயும் வலியின் இருப்பிடமாகச் சுட்டியதும் அதே உறைதான்.

மாஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஒலேசன் ஆகிய நால்வருக்கும் 2021-இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க்கின் பெரும்பரிசு வழங்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சி.ஜி.ஆர்.பி.யின் ஏற்பியை அடைக்கும் எரெனுமாப், ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் எதிர்ப்பொருள் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது. எதிர்ப்பொருள் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கருவி என்பதால் இம்மருந்து அம்மண்டலத்தை அடக்குகிறது என்று சிலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே இலக்குக்கென வார்க்கப்பட்ட எதிர்ப்பொருள் அது. பெப்டைடின் வாசலை அடைப்பதோடு அதன் வேலை முடிகிறது. மாதத்தில் சில நாள்கள் தலைவலி வருவோரிடம் நடந்த அதன் பெரிய ஆய்வில், கூடிய அளவு மருந்து பெற்றவர்களில் 50 விழுக்காட்டினருக்கும், வெற்று ஊசி பெற்றவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கும் தலைவலி நாள்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. ஒற்றைத் தலைவலியை ஒவ்வாமை என்றோ, உடல் தன்னையே தாக்கும் நோய் என்றோ சொல்லச் சான்று இல்லை; நரம்பு தொடங்குவதை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நீட்டி வளர்க்கின்றன என்று சொல்லப் போதிய சான்று உண்டு. இந்த ஊசியால் பயன்பெறாத மற்றப் பாதிப் பேருக்கான மருந்தைத் தேடுவோர், 1990-களில் அவசரமாக மூடப்பட்ட அழற்சியின் கோப்பை மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டும்.